உஷார்! போதையை விட்டவரைத் துப்பாக்கி விடுவதில்லை

2018 ஆகஸ்ட். கலிபோர்னியாவில் ஒரு போதை மறுவாழ்வு மையத்திலிருந்து ஒருவர் வெளியே வருகிறார். அக்டோபர் 12-ம் தேதி டெலவேர் மாநிலம் வில்மிங்டனில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைகிறார். மத்திய அரசின் 4473-ம் எண் படிவத்தை நீட்டுகிறார்கள். சட்டவிரோதப் போதைப்பொருள் பழக்கம் உண்டா, அதற்கு அடிமையா என்று அதில் ஒரு கேள்வி. ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி போடுகிறார். கோல்ட் கம்பெனி ரிவால்வர் ஒன்றையும் தோட்டாக்களையும் வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். அவர் பெயர் ஹன்டர் பைடன். அப்பா ஜோ பைடன் அப்போது முன்னாள் துணை அதிபர். இரண்டு வருடம் கழித்து அதிபராகத் தேர்வானவர்.

அந்த ரிவால்வர் அவரிடம் இருந்தது 11 நாள். வண்டிக்குள் அதைப் பார்த்துவிட்ட அண்ணி, அதாவது இறந்துபோன அண்ணன் போவின் மனைவி, பதறிப்போனார். கொழுந்தன் தன்னையே ஏதாவது செய்துகொள்வாரோ, பிள்ளைகள் கையில் சிக்கிவிடுமோ என்று பயம். ஒரு பைக்குள் திணித்து, மளிகைக் கடை வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். பழைய பொருள் பொறுக்க வந்த பெரியவர் ஒருவர் கையில் அது கிடைத்தது. 2024 ஜூனில் ஜூரி மூன்று குற்றச்சாட்டுகளிலும் ஹன்டரைக் குற்றவாளி என்றது. டிசம்பரில் அப்பாவே மன்னிப்பு வழங்கினார்.

பொய் சொன்னார், மன்னித்தார் என்று ஊரே அரசியல் பேசியது. பேசவேண்டிய விஷயம் பேச்சிலேயே வரவில்லை. சிகிச்சை முடிந்து இரண்டு மாதத்துக்குள் ஒரு துப்பாக்கி உள்ளே வந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த உறவுக்கு, அடுத்து யாரைக் கூப்பிடுவது, எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை. சீக்ரெட் சர்வீஸ் காவலைப் பார்த்துப் பழகிய குடும்பத்துக்கே இந்தத் திண்டாட்டம் என்றால், டல்லாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் நம் வீட்டுப் பிள்ளையின் நிலை என்ன?

அதனால்தான் இந்த உஷார். அமெரிக்காவில் குடியிலிருந்தோ போதையிலிருந்தோ மீண்டுகொண்டிருக்கும் ஒருவர் உங்கள் உறவிலோ நட்பிலோ இருந்தால், அவர் திரும்பக் குடித்துவிடுவாரோ என்று மட்டும் கவலைப்பட்டால் போதாது. துப்பாக்கியைப் பற்றியும் கவலைப்படவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 2023-ல் அமெரிக்காவில் போதை அளவு மீறி இறந்தவர்கள் சுமார் 1,05,000 பேர். அதே வருடம் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,000-க்கும் மேல். அதில் பாதிக்கு மேல், சுமார் 27,000 பேர், தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்கள். 2024-ல் முதல் கணக்கு 80,000 அளவுக்கு இறங்கியது. நல்ல சேதி, மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு பட்டியலையும் தனித்தனியாகவே பார்க்கிறார்கள். போதைக்கு ஒரு திட்டம், துப்பாக்கிக்கு ஒரு திட்டம். தெருவில் அப்படிக் கோடு கிடையாது. ஊசி குத்திக்கொள்பவன் நிற்கிற மூலையில்தான் துப்பாக்கியும் நிற்கிறது.

கே.எஃப்.எஃப். என்ற சுகாதார ஆய்வு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், ஐந்தில் ஒருவர் தங்களைத் துப்பாக்கி காட்டி யாராவது மிரட்டியதுண்டு என்றார்கள். கிட்டத்தட்ட அதே அளவினர், குடும்பத்தில் ஒருவரைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவர்கள். ஆறில் ஒருவர் கண்ணெதிரே ஒருவர் சுடப்படுவதைப் பார்த்தவர். இது பொதுமக்களிடம் எடுத்த கணக்கு. போதைச் சந்தையில் வருடக்கணக்கில் புழங்கிவிட்டுச் சிகிச்சைக்கு வருபவர்களின் கணக்கு இதைவிடக் குறைவாக இருக்க வழியே இல்லை.

ஏன் இப்படி? பால் கோல்ட்ஸ்டீன் என்ற ஆய்வாளர் 1985-லேயே சொல்லிவிட்டார். போதையும் வன்முறையும் மூன்று வழியில் கைகோக்கின்றன. ஒன்று, உள்ளே போன சரக்கு மூளையைக் கலக்கி வெறியாக்குவது. இரண்டாவது, அடுத்த வேளை சரக்குக்குக் காசு வேண்டி வழிப்பறி செய்வது. மூன்றாவதுதான் முக்கியம்: வியாபாரமே வன்முறையில் நடப்பது. கள்ளச் சந்தையில் கடன் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போக முடியாது. கலப்படச் சரக்கு விற்றான் என்று நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுக்க முடியாது. இடத்தகராறுக்குப் பட்டா கிடையாது. எல்லாவற்றுக்கும் தீர்ப்பு துப்பாக்கிதான். பழக்கத்தை விட்டவர் சரக்கை விட்டிருப்பார். பாக்கி வைத்த கடன், பார்த்துவிட்ட கொலை, சாட்சி சொல்வானோ என்ற சந்தேகம் இவையெல்லாம் அவரை விட்டிருக்காது.

பிலடெல்பியாவில் கென்சிங்டன் என்று ஒரு பேட்டை. ஒருகாலத்தில் நெசவாலைகளும் கம்பள ஆலைகளும் நிறைந்த தொழிலாளர் பகுதி. ஆலைகள் போயின. தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ரயில் ஓடுகிறது; கீழே கென்சிங்டன் அவென்யூவும் அலெகெனி அவென்யூவும் வெட்டிக்கொள்ளும் முனை, அந்நாட்டின் மிகப் பெரிய திறந்தவெளிப் போதைச் சந்தைகளில் ஒன்று. முதலில் ஹெராயின், பிறகு ஃபென்டனில், அதன்பின் கால்நடைகளுக்குப் போடும் மயக்க மருந்தான சைலசீன் கலந்த சரக்கு. பக்கத்தில் மெக்பெர்சன் சதுக்கத்தில் ஒரு பொது நூலகம். 2017-ல் அங்கே வேலை பார்த்த நூலகர்கள், போதை அளவு மீறியவரை மீட்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு, புல்தரையில் மூச்சு நின்று கிடந்தவர்களைப் பிழைக்கவைத்தார்கள். புத்தகம் இரவல் கொடுக்க வேலைக்கு வந்தவர்கள்! அதே நகரத்தில் 2021-ல் 562 கொலைகள் நடந்தன. நகரத்தின் வரலாற்றிலேயே அதிகம். பெரும்பாலும் துப்பாக்கிக் கொலைகள். 2024-ல் அது 300-க்குக் கீழே இறங்கியது.

சிகிச்சைக்குப் போகிறவர் இந்த முனையைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பதுதான் கொடுமை. வாடகை மலிவாகக் கிடைக்கும் இடத்தில்தானே மறுவாழ்வு விடுதி நடத்த முடியும்? கென்சிங்டனிலும் அதை ஒட்டிய ஃபிராங்க்ஃபோர்டிலும் பழைய வரிசை வீடுகளை வாங்கி ‘மீட்சி இல்லம்’ ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே பத்துப் பேர் போதையை விட்டவர்கள். வாசலைத் தாண்டினால் விற்பவன் நிற்கிறான். அவனுக்கு இவர்களின் பெயர் தெரியும், பழைய பாக்கி தெரியும்.

மெத்தடோன் கதையும் இதுவே. ஹெராயின், ஃபென்டனில் பழக்கத்துக்கு அது சோதித்துத் தேறிய மருந்து. ஒழுங்காக எடுப்பவர்களின் சாவு விகிதம் பாதியளவுக்குக் குறைகிறது. ஆனால் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கான மெத்தடோனைச் சாதாரண மருந்துக் கடையில் வாங்க முடியாது. 1970-களிலிருந்து உள்ள விதிப்படி, உரிமம் பெற்ற கிளினிக்குக்கு நேரில் போய், செவிலியர் முன் நின்று குடிக்கவேண்டும். தொடக்கத்தில் கிட்டத்தட்ட தினமும். அதே இடம், அதே நேரம், அதே வரிசை. தேடி வருகிறவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? கொரோனா காலத்தில் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதித்தார்கள். 2024-ல் அதை நிரந்தர விதியாக்கினார்கள். முதல் இரண்டு வாரத்தில் 7 நாள் மருந்து வரை, ஒரு மாதம் கழிந்தால் 28 நாள் வரை கொடுக்கலாம். கவனியுங்கள், ‘கொடுக்கலாம்’. கட்டாயம் இல்லை. கிளினிக்கின் மனசு.

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் நம்மவர்களுக்குக் குடிநீரில் ஈயம் கலந்த ஊராகத் தெரியும். அங்கே ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், 14 முதல் 24 வயது வரையுள்ள, போதைப் பழக்கம் உள்ள சுமார் 600 இளைஞர்களை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 2015-ல் முடிவு வெளிவந்தது. அடிதடியில் காயம்பட்டு வந்தவர்களில் 59 சதவீதம் பேர் அந்த இரண்டு வருடத்துக்குள் துப்பாக்கி வன்முறையில் சிக்கினார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே தாங்கள் துப்பாக்கியைக் காட்டியவர்கள். ஏறக்குறைய எல்லோருமே துப்பாக்கிக்கு எதிரே நின்றவர்கள்! இன்னொன்று, பெரும்பாலோருக்கு இது நடந்தது முதல் ஆறு மாதத்துக்குள். கட்டுப் போட்டு அனுப்பிய காயம் ஆறி முடிப்பதற்குள் துப்பாக்கி வந்துவிட்டது.

போதைக்காரன் என்றாலே ஆபத்தானவன் என்று நினைக்கிறவர்கள் அந்தக் கணக்கை இன்னொரு தடவை படிக்கவேண்டும். அவன் பெரும்பாலும் ஆபத்தில் இருப்பவன்.

எதிர்த்திசையிலும் வண்டி ஓடுகிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ஸிருய் சாங் குழுவினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, குண்டடி பட்டுப் பிழைத்தவர்களின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தது. காயத்துக்குப் பிந்தைய ஒரு வருடத்தில் அவர்களிடம் வலி நோய்கள் 40 சதவீதமும், மனநலக் கோளாறுகள் 51 சதவீதமும், போதைப் பழக்கக் கோளாறுகள் 85 சதவீதமும் கூடியிருந்தன. காரணத்தைத் தேடி அலையவேண்டாம். தோட்டா எலும்பைச் சிதைத்துவிட்டது. கடும் வலிக்கு ஓபியாய்டு மாத்திரை எழுதித் தருகிறார்கள். பகலில் வலி, இரவில் கனவு. மாத்திரை இரண்டையும் அமர்த்துகிறது. மருந்துச்சீட்டு தீர்ந்த பிறகு தெருவில் வாங்குகிறார். நேற்றுவரை பீர் கூடக் குடிக்காதவர் இப்படி உள்ளே வந்திருக்கலாம்.

அந்தக் கனவு சாதாரணமானதில்லை. சுடப்பட்டவர், சுடுவதைப் பார்த்தவர், பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டுத் தரையில் படுத்தவர் எல்லோருக்கும் உடம்பு தனியாக ஒரு நினைவு வைத்துக்கொள்கிறது. ஜூலை 4 சுதந்திர தினப் பட்டாசு வெடித்தால் மேசைக்கடியில் போகிறார்கள். தூக்கம் கிடையாது. கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார்கள். இந்த அவஸ்தையை இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது மதுவோ மாத்திரையோதான். சிகிச்சையில் அதைப் பிடுங்கிவிட்டால் அடியில் இருந்தது மேலே வருகிறது. முன்பெல்லாம் ‘முதலில் போதையை விடு, மற்றதைப் பிறகு பார்க்கலாம்’ என்பார்கள். லிசா நஜாவிட்ஸ் என்ற உளவியலாளர் இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று ஒரு சிகிச்சை முறையை வகுத்து 2002-ல் நூலாகவே வெளியிட்டார். இருந்தும் இன்றைக்கும் பல மையங்களில் சேரும்போது எத்தனை பெக், எத்தனை ஊசி, கடைசியாக எப்போது என்று கேட்பார்கள். உன்மேல் யாராவது சுட்டதுண்டா, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்ற கேள்விகள் வழக்கமாக வருவதில்லை. ஆறு மாதம் கழித்து அவர் மறுபடி விழுந்தால், ‘மன உறுதி இல்லை’ என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள்.

இனி, அதைவிட அருகில் இருக்கும் ஆபத்து. தெருத் துப்பாக்கியைவிட வீட்டு அலமாரித் துப்பாக்கி.

தற்கொலை செய்ய மாத்திரை விழுங்கியவரைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அதேசமயம், ஒருமுறை தற்கொலைக்கு முயன்று தப்பித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் வாழ்க்கை இருக்கிறது. துப்பாக்கி அந்த நேரத்தைத் தாண்ட விடுவதில்லை.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளை நாம் கொண்டாடுகிறோம். கோயிலுக்குக் கூட்டிப்போகிறோம், பாயசம் வைக்கிறோம். எனக்கு அந்த நாள்தான் பயம். உடம்பின் போதைத் தாங்குதிறன் இறங்கியிருக்கும்; பழைய அளவை ஒருதரம் தொட்டாலே மூச்சு நிற்கும். தெளிந்த தலையோடு பார்க்கையில் போன வேலை தெரியும், கடன் தெரியும், மனைவியின் முகம் தெரியும். வெட்கம் முழுசாக இறங்குவது குடித்துக்கொண்டிருந்தபோதல்ல, விட்ட பிறகு. வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஒரு பெயர்பெற்ற ஆய்வு, முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் போதை அளவு மீறி இறக்கும் அபாயம் மற்றவர்களைப் போல 129 மடங்கு என்றது. அவர்களைக் கொண்டுபோன முக்கியக் காரணங்களில் கொலையும் தற்கொலையும் இருந்தன. சிறை வேறு, சிகிச்சை மையம் வேறுதான். ஆனாலும் அடைபட்டிருந்து வெளியே வரும் வாசல் ஆபத்தான வாசல் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

கருவியை எடுத்து வைத்தால் என்ன பெரிய மாற்றம், சாக நினைப்பவன் வேறு வழி தேடமாட்டானா என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் அமெரிக்காவில் தேடவேண்டாம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், சென்னை சிநேகா அமைப்பை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் விவசாயிகளின் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டு போட்ட பெட்டகங்களில் வைக்கச் செய்தார்கள். வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கிராமங்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்தன. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995-க்கும் 2015-க்கும் இடையில் தற்கொலை விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. எட்டிப் போகவேண்டிய தூரம் கொஞ்சம் கூடியதும் உயிர் மிஞ்சியது. அலமாரியில் இருக்கும் துப்பாக்கிக்கும் இதே கணக்குத்தான்.

பிறகு ஏன் துப்பாக்கியைப் பற்றி யாரும் கேட்பதில்லை? டாக்டர்களின் வாயைக் கட்டப் பார்த்த சரித்திரம் ஒன்று உண்டு. நோயாளியிடம் துப்பாக்கி பற்றி மருத்துவர் கேட்பதைக் கட்டுப்படுத்தி ஃபுளோரிடா 2011-ல் சட்டமே போட்டது. 2017-ல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை அடித்தது. ஆராய்ச்சிக்கும் இதே கதி. 1996-ல் நாடாளுமன்றம் போட்ட ஒரு நிபந்தனையால், மத்திய நோய்த்தடுப்பு மையம் துப்பாக்கி ஆய்வென்றாலே ஒதுங்கிக்கொண்டது. திரும்பப் பணம் ஒதுக்கியது 2019 டிசம்பரில். 20 வருடத்துக்கு மேல் இருட்டு. துப்பாக்கி வன்முறை ஒரு பொதுச் சுகாதார நெருக்கடி என்று நாட்டின் அப்போதைய தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி அறிவித்தது 2024 ஜூனில். கர்நாடகத்தைப் பூர்விகமாகக் கொண்டவர் அவர்.

நோயாளிக்கும் வாய் திறக்கப் பயம். 1968-ம் வருடத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து வரும் விதிப்படி, தடை செய்யப்பட்ட போதைப்பொருளைப் பயன்படுத்துபவரோ அதற்கு அடிமையானவரோ துப்பாக்கி வைத்திருப்பது மத்தியக் குற்றம். மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் இதில் விலக்கில்லை. அந்த 4473 படிவமே அதைப் பச்சையாகச் சொல்கிறது. ஆனால் எந்த நாளிலிருந்து ஒருவர் ‘விட்டவர்’ ஆகிறார்? ஹன்டர் பைடன் வழக்கிலும் வக்கீல்கள் மோதிக்கொண்டது இதில்தான். இந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதா என்ற வேறொரு வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. வேடிக்கை என்னவென்றால், மது அந்தப் பட்டியலில் இல்லை. தினமும் ஒரு ஃபுல் பாட்டில் அடிப்பவருக்கு மத்தியச் சட்டத்தில் தடை கிடையாது. நம் குடும்பங்களைப் பிடித்திருப்பதோ பெரும்பாலும் குடி நோய்.

எல்லை தாண்டி மெக்ஸிகோவில் சிகிச்சை மையத்துக்குள்ளேயே துப்பாக்கி வந்துவிட்டது. 2009 செப்டம்பரில் சியூடாட் ஹுவாரெஸ் நகரின் மையம் ஒன்றில் புகுந்தவர்கள் 18 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 2010 ஜூனில் சிஹுவாஹுவா நகரில் 19 பேர். 2020 ஜூலை முதல் தேதி இராபுவாட்டோவில் 20-க்கும் மேற்பட்டோர். எதிர்க் கும்பலின் ஆள் உள்ளே ஒளிந்திருக்கிறான் என்ற சந்தேகம் ஒன்றே போதும். அங்கே பிடிபட்டு மூலம் கண்டறியப்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து போனவை. அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள்மீது மெக்ஸிகோ போட்ட வழக்கை 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளிவிட்டது.

சரி, நம்மவர்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. வார இறுதியில் நண்பர்களோடு சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய், கையில் துப்பாக்கியோடு படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடும் தம்பிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. துப்பாக்கிக் குற்றம் கிரீன் கார்டையே காவு வாங்கும். போதைப்பொருளுக்கு அடிமை என்பதும் குடிவரவுச் சட்டத்தில் நாடுகடத்தக் காரணமாக எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பயத்திலேயே பலர் சிகிச்சைப் பக்கம் போவதில்லை. போகாமல் இருக்காதீர்கள். போதைச் சிகிச்சைப் பதிவுகளுக்குச் சாதாரண மருத்துவப் பதிவைவிடக் கடுமையான ரகசியக் காப்பு மத்திய விதியில் இருக்கிறது. விசா சந்தேகத்தைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் கேட்கவேண்டும். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்கப் போகும் அம்மா அப்பாவும் கேட்கலாம். “தம்பி, வீட்ல துப்பாக்கி ஏதாவது வச்சிருக்கியாப்பா?” என்று நேராக. தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகிவிடும் என்பது வெறும் பயம்; ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ‘பிடுங்கிவிடுவேன்’ என்ற தொனி வேண்டாம். “நீ தேறி வர்ற வரைக்கும் வேற இடத்துல இருக்கட்டும்ப்பா” என்றால் பலர் கேட்பார்கள். வீட்டுக்கு வெளியே போவதுதான் உத்தமம். சில போலீஸ் நிலையங்களும் துப்பாக்கிக் கடைகளும் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்கின்றன; கொலராடோ போன்ற மாநிலங்களில் அவை எங்கே என்று காட்டும் வரைபடமே இருக்கிறது. நண்பரிடம் கொடுப்பது சில மாநிலங்களில் சட்டச் சிக்கல் ஆகலாம், விசாரித்துக்கொண்டு செய்யுங்கள். வெளியே அனுப்ப முடியாவிட்டால் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். இரண்டு சாவியும் அவரிடம் இருக்கக்கூடாது. குப்பைத் தொட்டி வேண்டவே வேண்டாம். நீங்களே தூக்கிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குள் நுழையவும் கூடாது. முதலில் போன் செய்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

அவர் மறுத்து, ஆபத்தும் கண்ணுக்குத் தெரிந்தால், கோர்ட்டுக்குப் போகலாம். தற்காலிகமாகத் துப்பாக்கியை எடுத்துவைக்க உத்தரவிடும் சட்டம் 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. 1999-ல் கனெக்டிகட் தொடங்கிவைத்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் குழு அங்கே ஆராய்ந்ததில், இப்படி எடுத்துவைத்த 10 முதல் 20 நிகழ்வுகளுக்கு ஓர் உயிர் தப்பியதாக மதிப்பிட்டார்கள். மகன்மேலேயே மனுவா என்று கூசாதீர்கள். இது குற்ற வழக்கு அல்ல.

சிகிச்சை மையத்தில் சேர்க்கும்போது ஆலோசகரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்: இவர் முன்னால் ஒருவரைச் சுட்டிருக்கிறார்கள், அல்லது இவரை ஒருவன் மிரட்டிக்கொண்டிருக்கிறான், அல்லது வீட்டில் துப்பாக்கி இருந்தது என்று. அவர்கள் கேட்காததால் நீங்கள் சொல்லாமல் இருக்கவேண்டியதில்லை. மிரட்டல் இருந்தால் அந்தப் பேட்டையை விட்டு வேறு ஊர் விடுதியாகக் கேளுங்கள். மெத்தடோன் எடுப்பவர் என்றால், வீட்டுக்கு மருந்து கொடுக்கும் புது விதியைச் சொல்லிக் கேளுங்கள். அந்த நலோக்சோன், நார்கன் என்ற மூக்கு ஸ்பிரேயாக 2023-லிருந்து மருந்துச்சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது; ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள்.

தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அமெரிக்காவில் எந்த நேரமும் அழைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம். ஊரில் இருந்துகொண்டு தவிக்கும் பெற்றோருக்கு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசுவார்கள். இரண்டு எண்ணையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். சிகிச்சை முடித்து வரும் பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்புவதற்கு முன்னால், அவர் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.